பச்சை பெயிண்டும் வெள்ளை நட்சத்திரமும்

பழைய பட்டாளத்து வண்டி ஒண்ணை வாங்கி, பச்சை பெயிண்ட் அடிச்சு, பானெட்டுல வெள்ளை நட்சத்திரம் ஒட்டி, தவில் மாதிரி டயரை மாட்டி, நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்துப் போடறாங்க. பட்டணத்துல இதுக்கு ரெஸ்டோரேஷன்னு பேரு. எங்க ஊர்ல வேஷம் கட்டறதுன்னு சொல்லுவோம். கூத்துல ராஜா வேஷம் கட்டினவன்கூட விடிஞ்சதும் கலைச்சுட்டு வயலுக்குப் போயிருவான். இவங்க கலைக்கிறதே இல்ல.

காசு அவங்க காசு, ஆசை அவங்க ஆசை, உனக்கென்னய்யா வந்துச்சுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஒருத்தன் தன் வீட்டுச் சுவத்துக்கு என்ன கலர் அடிச்சா எனக்கென்ன. ஆனா இந்த வண்டிகள் வீட்டுச் சுவரு இல்ல. எண்ணி வச்ச மாதிரி கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. ஒண்ணை வேஷத்துக்குக் கொண்டு போனா ஒண்ணு கொறஞ்சது கொறஞ்சதுதான். புதுசா எவனும் செய்யப் போறதில்ல.

எங்க பக்கத்துல, அதான் போடி, கம்பம் பக்கம், ஜீப்புங்கறது ஆசைப் பொருள் இல்ல. விடியக்காலம் நாலரை, அஞ்சு மணிக்கு ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறும். பூப்பாறை, சாந்தம்பாறைன்னு கேரளாவுக்குள்ள போயி, சாயங்காலம் அதே ஆளுகளை இறக்கும். நான் டவுசர் போட்ட காலத்துல அப்படி மலை ஏறின வண்டிகள்ல பட்டாளத்து ஏலத்துல எடுத்ததும் உண்டு. டிஸ்போசல் வண்டின்னு சொல்லுவாங்க. ஏல மூட்டை, எரு, வெட்டின மரம், பிரசவ வலில இருக்கற பொம்பளை, எல்லாம் அதுலதான். உழவு மாட்டுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை அந்த வண்டிக்கும் உண்டு. ஆயுத பூஜைக்கு முத மாலை அதுக்குத்தான்.

இப்ப அந்த வண்டிகளைத் தேடி ஆள் வர்றாங்க. கார்ல வந்து எறங்குவாங்க. ரொம்ப மரியாதையாத்தான் பேசுவாங்க, ‘அங்கிள்’னு. ‘அங்கிள், ஃப்ளாட் ஃபெண்டர் இருக்கா? ஜோங்கா இருக்கா? ஓடலைன்னாலும் பரவால்ல.’ அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு வயித்தெரிச்சல். ஓடலைன்னாலும் பரவால்லன்னு ஒரு வண்டியை எவனாவது கேப்பானா? பால் கறக்காட்டியும் பரவால்லன்னு மாடு வாங்குற மாதிரி.

பக்கத்து ஊர்ல ஒருத்தர் செத்துப்போன பிறகு அவர் ஜீப்பை வீட்டுக்காரம்மா அப்படி ஒருத்தருக்குக் குடுத்தாங்க. ரேடியேட்டரும் பேட்டரியும் போட்டா ஸ்டார்ட் ஆகுற வண்டி. ரெண்டு வருசம் கழிச்சு எங்க மெக்கானிக் அண்ணன் கடலோரம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப பாத்துட்டு வந்தார். ஒரு ஹோட்டல் வாசல்ல நிக்குதாம். இன்ஜின் இருந்த எடத்துல பாட்டுப் பெட்டி. புள்ளைக ஏறி உக்காந்து போட்டோ எடுக்குதாம். பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சுன்னு சொன்னார். அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லல.

அந்த வெள்ளை நட்சத்திரத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அது ரெண்டாம் உலகப் போர்ல வந்த அடையாளம். அமெரிக்காக்காரன் வண்டிக்குப் போட்டான், அப்புறம் அவனோட சேந்து சண்டை போட்ட மத்தவங்களும் போட்டாங்க. மேல பறக்கறவன் கீழ போறது நம்ம வண்டிதான்னு தெரிஞ்சு குண்டு போடாம இருக்கணும்ல, அதுக்கு. உசுரு காப்பாத்தற அடையாளம். அதைக் கொண்டுபோய் 80கள்ல பம்பாய்ல செஞ்ச டீசல் ஜீப்புல ஒட்டி, பக்கத்துல ஏதோ இங்கிலீஷ் சினிமாவுல பாத்த நம்பரையும் எழுதி, 1942 மாடல்னு சொன்னா எப்படி? பாட்டன் படத்துக்குப் பதிலா அடுத்தவன் பாட்டன் படத்தை மாட்டி மாலை போடற கதைதான்.

அசலைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. போர்க்கால ஜீப்புக்கு முன்னாடி தகரத்துல ஒன்பது கீத்து இருக்கும். சண்டை முடிஞ்சு ஊர்க்காரனுக்கு வித்த ஜீப்புக்கு ஏழு. அசல்ல ஹெட்லைட்டை அப்படியே பின்னாடி மடக்கித் திருப்பலாம், ராத்திரில இன்ஜின் வேலை பாக்கறவனுக்கு வெளிச்சம் வேணும்னு. எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருங்க! வில்லிஸ் கம்பெனி வரைபடத்தை வாங்கி ஃபோர்டும் செஞ்சான். ஃபோர்டு செஞ்ச பாகத்துல எல்லாம், போல்ட்டு தலைல உள்பட, ஒரு எஃப் எழுத்து குத்தியிருப்பான். ரெண்டு கம்பெனியும் சேந்து ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. வேஷக்காரங்க மொதல்ல செய்யற வேலை என்ன தெரியுமா, பழைய போல்ட்டை எல்லாம் கழட்டி வீசிட்டு பளபளன்னு புது போல்ட்டு போடறது. எழுத்து எழுதின ஓலையைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, சட்டத்துக்கு மட்டும் பாலீஷ் போடறாங்க.

ஜீப்பைத்தான் எல்லாரும் கொண்டாடறாங்க. லாரியை எவனும் சீந்தறதில்ல. எனக்கு லாரிதான் பெருசு.

1944 ஆகஸ்ட்ல, நார்மண்டில எறங்கின படை பிரான்ஸுக்குள்ள வேகமா ஓடிருச்சு. பின்னாடி சாமான் வந்து சேரல. பெட்ரோல் இல்ல, குண்டு இல்ல, சோறு இல்ல. ரயில் பாதையை ஏற்கனவே இவங்களே குண்டு போட்டு ஒடச்சு வச்சிருந்தாங்க. அப்பத்தான் ரெட் பால் எக்ஸ்பிரஸ்னு ஒரு லாரி வரிசை போட்டாங்க. போறதுக்கு ஒரு ரோடு, வர்றதுக்கு ஒரு ரோடு, அதுல வேற வண்டி எதுவும் வரக்கூடாது. உச்சத்துல கிட்டத்தட்ட 6,000 லாரி, ராத்திரி பகலா, நவம்பர் வரைக்கும். முக்காவாசி டிரைவர்கள் கறுப்பு இனத்துக்காரங்க. சண்டை போடற படைப்பிரிவுல பெரும்பாலும் அவங்களைச் சேக்காத காலம். நீ லாரி ஓட்டு போதும்னு சொன்ன காலம். அவங்கதான் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரைக் கழட்டி எறிஞ்சுட்டு, சொன்னதுக்கு மேல ரெண்டு பங்கு லோடு ஏத்திட்டு ஓட்டினாங்க. ஓடினது பெரும்பாலும் ஜிஎம்சி ரெண்டரை டன் லாரி, பத்து டயர். அந்த ரகத்துல மட்டும் அஞ்சரை லட்சத்துக்கு மேல செஞ்சிருக்கான்.

அதே மாதிரி லாரிகள் நம்ம அஸ்ஸாம்ல லெடோங்கற ஊர்ல கெளம்பி, பர்மா காட்டு வழியா சீனாவுல குன்மிங் வரைக்கும் போச்சு. ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். மொத வரிசை 1945 ஜனவரில கெளம்பி பிப்ரவரி 4ந்தேதி போய்ச் சேந்துச்சு. மழை, சேறு, சரிவு. அந்த ரோட்டைப் போட்ட அமெரிக்கப் பட்டாளத்துலயும் கறுப்பு இனத்து ஆளுகதான் அதிகம். கூடவே நம்ம நாட்டுக் கூலிக்காரங்களும். தளபதி படம் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. லாரி ஓட்டினவன் பேரு எதுலயும் இல்ல. அவன் பேரா இன்னைக்கு மிச்சம் இருக்கறது அந்த லாரி மட்டும்தான்.

‘சண்டையைக் கொண்டாடறியா’ன்னு சில பேர் கேப்பாங்க. லாரி சுடாதுங்க. அரிசி, தண்ணி, அடிபட்டவன், கடுதாசி, இதைச் சுமக்கும். வெள்ளத்துல மாட்டினவனைத் தூக்கிட்டு வரும். ஜீப்புலதான் பீரங்கி வச்சு சண்டை போட்டிருக்காங்க. 1965ல கேம்கரண் பக்கம் ஹவில்தார் அப்துல் ஹமீத் ஜீப்புல இருந்துதான் பாகிஸ்தான் டாங்குகளை அடிச்சார், பரம்வீர் சக்ரா வாங்கினார். அவருக்கும் பின்னாடி எங்கயோ ஒரு லாரி குண்டு கொண்டுவந்து எறக்கியிருக்கணும்ல?

இன்னொரு சமாச்சாரம். விவசாயிங்கறதால எனக்கு இது இனிப்பா இருக்கு. சண்டை முடிஞ்சதும் இந்த வண்டிக எங்க போச்சு தெரியுமா? வயலுக்கு. வில்லிஸ்காரன் 1945லயே ஜீப்பை விவசாயிக்கு விக்க ஆரம்பிச்சான். பின்னாடி ஒரு சுத்துற தண்டு குடுத்து, ஏர் கட்டலாம், மர அறுவை ஓட்டலாம்னு விளம்பரம் பண்ணினான். இங்கிலாந்துல ரோவர் கம்பெனில இருந்த மாரிஸ் வில்க்ஸ்ங்கறவர் தன் பண்ணையில பட்டாளத்து ஜீப் ஒண்ணை வச்சு வேலை வாங்கிட்டு இருந்தார். இது போயிட்டா அடுத்து என்ன வாங்கறதுன்னு யோசிச்சதுல பிறந்ததுதான் லேண்ட் ரோவர், 1948ல. ஜெர்மனில சண்டை முடிஞ்ச கையோட உனிமோக்னு ஒண்ணு வரைஞ்சாங்க. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல எவ்வளவு அகலம் வேணும்னு எப்படி முடிவு பண்ணினாங்கன்னா, ரெண்டு வரிசை உருளைக்கிழங்கு. பிற்பாடு அதையே பட்டாளம் எடுத்துக்கிச்சு. பிலிப்பைன்ஸ்ல அமெரிக்காக்காரன் விட்டுட்டுப் போன ஜீப்பை நீட்டி ஜீப்னி பஸ் ஆக்கிட்டாங்க. உலகம் பூரா சண்டை வண்டி வேலைக்கு வந்துச்சு. இப்பத்தான் வேலை வண்டி பொம்மை ஆகுது.

நம்ம நாட்டுலயும் கதை அதேதான். ஜபல்பூர்ல ஜெர்மன் மேன் கம்பெனி லைசென்ஸ்ல சக்திமான் லாரி செஞ்சாங்க, 50களோட கடைசியில இருந்து 1996 வரைக்கும். ஜப்பான் நிசான் லைசென்ஸ்ல ஜோங்காவும் ஒரு டன் லாரியும் செஞ்சாங்க. ஜோங்காங்கற பேரே ஜபல்பூர் தொழிற்சாலைப் பேரோட இங்கிலீஷ் எழுத்துகளைச் சேத்துக் கோத்ததுதான். 1999ல நின்னுபோச்சு. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எண்ணெயைக் குடிக்கறதுல அதை அடிச்சுக்க ஆள் இல்ல.

அந்த ஒரு டன் லாரி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. எங்ககிட்டன்னா, மெக்கானிக் அண்ணன், லேத் பட்டறை வச்சிருக்கற மாப்ள, நான், இன்னொரு சம்சாரி, நாலு பேரு. மலைல ஒரு எஸ்டேட்ல பலா மரத்துக்கடில இருபது வருசமா கெடந்துச்சு. பெட்ரோல் விலை கட்டுப்படியாகலைன்னு நிப்பாட்டினது. காயலாங்கடைக்காரர் கிலோ கணக்குல விலை பேசிக்கிட்டு இருந்தார், நாங்க அதுக்கு மேல கொஞ்சம் போட்டு எடுத்தோம். நாலு வருசம் ஆச்சு. அறுப்பு, நடவு இல்லாத ஞாயித்துக்கெழமைகள்ல மட்டும் வேலை.

ரெஸ்டோரேஷன்னா என்னன்னு அங்க வந்து பாக்கணும். மொத ஆறு மாசம் ஒரு பொட்டு பெயிண்ட் தொடல. இன்ஜின் இறுகிப் போயிருந்துச்சு. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊத்தி, ஊத்தி, வாரக்கணக்குல ஊறப் போட்டார் அண்ணன். சம்மட்டியால அடிச்சு சுத்தலாமான்னு கேட்டான் பட்டறைப் பையன். ‘இருபது வருசம் தூங்கினவனை அடிச்சா எழுப்புவ?’ன்னார். ஒருநாள் கிராங்க்ல கம்பி போட்டுத் திருப்பினா அரை விரக்கடை அசைஞ்சுச்சு. அன்னைக்கு டீயும் வடையும் என் செலவு.

பெட்ரோல் டேங்க் உள்ள முழுக்கத் துரு. அதுக்குள்ள பொடி ஜல்லியும் ஒரு சங்கிலியும் போட்டு, கலவை மிஷின்ல கட்டி சுத்தவிட்டோம். ஹெட் கேஸ்கெட்டுக்கு அலையாத எடம் இல்ல, சென்னை புதுப்பேட்டைல கெடச்சுச்சு. சின்ன கேஸ்கெட் எல்லாம் அண்ணனே தாளை வச்சு சுத்தியலால ஓரம் தட்டித் தட்டி வெட்டிருவார். வீல் சிலிண்டர் உள்ள அரிச்சுக் குழி விழுந்திருந்துச்சு. மாப்ள அதை போர் பண்ணி, ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கினார். பேரிங் சத்தம் கேக்க அண்ணன் திருப்புளி நுனியை இன்ஜின்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுப்பார். கண்ணை மூடிக்குவார். ‘மூணாவதுல கரகரங்குது’ம்பார். கழட்டிப் பாத்தா மூணாவதுதான்.

அந்தக் காது எழுபது வயசைத் தாண்டிருச்சு. அவர் மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், குத்தம் சொல்ல முடியாது, மாசச் சம்பளம். கத்துக்கற மாதிரி ஒரே பையன்தான் இருக்கான், அந்தச் சம்மட்டிப் பையன். நான் சொல்ற நஷ்டம் இதுதான். நீங்க ஒரு வண்டியைக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் வச்சு ஓடுற புது டீசல் இன்ஜினை உள்ள வச்சா, அண்ணன் மாதிரி ஆளுக்கு அதுல என்ன வேலை? கார்பரேட்டர் சீர் பண்ணத் தெரிஞ்சவன் யாருக்குச் சொல்லிக் குடுப்பான்? வண்டி மட்டும் சாகல. அதைத் தெரிஞ்ச கையும் சேந்து சாகுது. அதே ரெண்டு லட்சத்தை, மூணு லட்சத்தை, இப்படி ஒரு பட்டறைல குடுத்தா ஒரு பையன் தொழில் கத்துப்பான். நீங்க குடுக்கறது டிங்கருக்கும் பெயிண்டருக்கும் டயர் கடைக்கும்.

டீசலுக்கு மாத்தினதே தப்புன்னு நான் சொல்ல வரல. எங்க மலைல வயித்துப்பாட்டுக்காக மாத்தினவங்க நெறய. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுக்கற வண்டியை வச்சு எவன் பொழைக்க முடியும்? அந்த மாத்தம் அந்த வண்டியோட வாழ்க்கைல ஒரு பகுதி, அதுல ஒரு நேர்மை இருக்கு. வருசத்துக்கு ரெண்டு தடவை காபி குடிக்க ஓட்டிட்டுப் போறவருக்கு மைலேஜ் எதுக்கு?

வேஷ வண்டிக்கு நான் ஒரு பரீட்சை வச்சிருக்கேன். போடிமெட்டுல இருந்து கீழ எறக்கச் சொல்லுவேன். 17 கொண்டை ஊசி வளைவு. பெயிண்ட் எந்த வளைவுலயும் பிரேக் பிடிக்காது.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். இங்கதான் எனக்கு உண்மையான கோபம்.

2021 ஜூலைல மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்குன்னு தனி விதி போட்டாங்க. அம்பது வருசம் தாண்டின வண்டி, அசல் நெலையில இருந்தா, விஏங்கற எழுத்தோட தனி நம்பர். புதுசாப் பதிய 20,000 ரூபாய், பத்து வருசத்துக்கு. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இதுக்கெல்லாம் ரோட்டுல ஓட்டலாம். நல்ல விஷயம்தான். ஆனா யாருக்குன்னு படிச்சுப் பாருங்க. டூவீலருக்கும், ஆள் மட்டும் ஏறிப் போற கார் வகைக்கும். லாரிக்கு இல்ல. சமஸ்தானத்து ராஜா வேட்டைக்குப் போன கார் பாரம்பரியம். அந்த ராஜா வீட்டுக்கு அரிசி மூட்டை சுமந்த லாரி காயலாங்கடை. லெடோ ரோட்டுல போன லாரி ஒண்ணு இன்னைக்கு உசுரோட கெடச்சாலும் அந்த விஏ நம்பர் அதுக்குக் கெடைக்காது.

அப்ப எங்க ஒரு டன்னுக்கு என்ன வழி? லோடு வண்டியா எஃப்சி காட்டணும், பெர்மிட், டாக்ஸ், இன்சூரன்ஸ், தினமும் ஓடி சம்பாதிக்கிற லாரி மாதிரி. வருசத்துக்கு முன்னூறு கிலோமீட்டர் ஓடப்போற வண்டிக்கு! பழைய லாரிக்கு எஃப்சி கட்டணமே 2022 ஏப்ரல்ல இருந்து பல மடங்கு ஏறிப்போச்சு. அதுக்கப்புறமும் ஏத்தியிருக்காங்க. ஒரு ஆபீஸ்ல போய் விசாரிச்சோம். அங்க இருந்தவர் பேப்பரைக்கூடப் பாக்கல. ‘எதுக்கு இந்தத் தலவலி, வெட்டிப் போட்டா இரும்பு விலை வரும்ல’ன்னார். அதனால இன்னைக்கு எங்க லாரி வரப்புக்குள்ளயே ஓடுது. எரு சுமக்குது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற தென்னந்தோப்புக்குப் போகணும்னா இருபதடி ரோட்டைத் தாண்டணும். தாண்டல. டிராக்டர்தான் போகுது.

இன்னொரு குழப்பமும் இருக்கு. அம்பது வருசத்தை மொதப் பதிவுல இருந்து கணக்குப் பண்றாங்க. பட்டாளத்து வண்டிக்கு மொத நம்பர் பட்டாளம் குடுத்தது, மேல் நோக்கின அம்புக்குறி போட்டு, பக்கத்துல வருசம் போட்டது. ஆர்டிஓ நம்பர் ஏலம் எடுத்த பிறகு வந்தது. 1970ல செஞ்சு, 1990ல ஏலம் போனது இன்னைக்கு எத்தனை வயசு வண்டி? மாட்டுக்குப் பல்லைப் பாத்து வயசு சொல்லுவோம். இதுக்கு எதைப் பாக்கறதாம்?

கலர் விஷயத்துல மட்டும் நான் சட்டத்துப் பக்கம். பட்டாளத்து வண்டியைத் தவிர வேற எதுவும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாதுன்னு மோட்டார் வாகன விதி 121 சொல்லுது. பல பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் கண்டுக்கறதில்ல. அசல் கலர் அடிக்கத்தானே ரெஸ்டோரேஷன்னு வாதம் பண்ணுவாங்க. சேவைல இருக்கறவன் உடுப்பை ஓய்வு பெற்றவன் போட்டுக்கிட்டுத் தெருவுல அலையக் கூடாதுல்ல, அது மாதிரிதான். எங்க லாரிக்கு நாங்க சாம்பக் கலர் அடிச்சிருக்கோம். உள்ள, டேஷ்போர்டுக்குப் பின்னாடி, பட்டாளத்துப் பச்சை ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே இருக்கு. அதைச் சுரண்டல. கேட்டா காட்டுவோம்.

பழைய வண்டி புகை கக்கும், ஊரைக் கெடுக்கும்னு சொல்றவங்களுக்கு: புகையை அளந்து பாருங்க, தேறலைன்னா நிறுத்துங்க, நான் ஒத்துக்கறேன். ஆனா வயசை வச்சு மட்டும் வெட்டாதீங்க. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுற பத்து வயசுக் காரு விடற புகையும், மாசம் ஒருநாள் ஓடுற அம்பது வயசு லாரி விடற புகையும் ஒண்ணு இல்ல. புதுசா ஒரு லாரி செய்யறதுக்கு இரும்பு உருக்க எவ்வளவு எரிக்கறாங்கங்கறதையும் கணக்குல சேத்துக்குங்க.

எண்ணெய் விஷயத்துல வேற வம்பு வந்திருக்கு. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். கரும்பும் மக்காச்சோளமும் போடற எங்களுக்கு அதுல விலை கெடைக்கும்னா எனக்கு சந்தோஷம்தான். ஆனா அந்தக் காலத்து ரப்பர் குழாய், கார்பரேட்டர் வாஷர் இதையெல்லாம் எத்தனால் ஊற வச்சு உப்ப வச்சிருது. தண்ணியையும் இழுத்துக்குது, நிறுத்தி வச்ச டேங்க் மறுபடி துருப்பிடிக்குது. ஜல்லி போட்டுச் சுத்தின டேங்க்கு! நிறுத்தும்போது எண்ணெயை வடிச்சிருங்க. குழாயை எல்லாம் எத்தனால் தாங்கற புது ரப்பருக்கு மாத்திருங்க. இதுல அசல் பாக்காதீங்க, தீப்பிடிச்சா அசலும் போயிரும்.

வெளிநாட்டுல இதை எப்படிப் பாக்கறாங்கன்னு ஒரு உதாரணம். 1919ல அமெரிக்கப் பட்டாளம் லாரி வரிசை ஒண்ணை வாஷிங்டன்ல இருந்து சான்பிரான்சிஸ்கோ வரைக்கும் ஓட்டிப் பாத்துச்சு. 62 நாளாச்சு. பாலமெல்லாம் ஒடஞ்சுது. பின்னாடி ஜனாதிபதியான ஐசன்ஹோவர் அதுல ஒரு ஆபீசரா கூடப் போனார். அங்க பட்டாளத்து வண்டிப் பிரியர்கள் சங்கம் ஒண்ணு இருக்கு. 2009ல அவங்க தங்களோட பழைய லாரி, ஜீப்புகளை எடுத்துக்கிட்டு அதே வழில கடலுக்குக் கடல் ஓட்டிட்டுப் போனாங்க. ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்கல. ஓட்டினாங்க. வழில நின்ன வண்டியை ரோட்டோரம் படுத்துக்கிட்டு சரி பண்ணினாங்க.

நம்ம ஊர்ல பட்டணத்துப் பசங்க இதைச் செய்ய முடியாதா? முடியும். அவங்ககிட்ட காசு இருக்கு, இங்கிலீஷ் தெரியும், மந்திரிக்கு மனு எழுதத் தெரியும். அந்த விதில லாரியையும் சேருங்கன்னு ஒரு மனு. மைதானத்துல நட்சத்திரம் ஒட்டி நிக்கற நேரத்துல அதை எழுதலாம். வண்டி வாங்க வந்தா, ஓடலைன்னாலும் பரவால்லன்னு கேக்காம, இதை ஓட்டினவர் யாரு, ரிப்பேர் பாத்தவர் யாருன்னு கேக்கலாம். அவரையே வச்சு வேலை பாக்கச் சொல்லலாம், மேற்பார்வை பாக்கறேன்னு ஒரு ஞாயித்துக்கெழமை வந்து கை அழுக்காகலாம். எங்க லாரியைப் பாக்க அப்படி ஒரு பையன் மதுரைல இருந்து வர்றான், கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. முத நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். இப்ப அண்ணன் அவன் கையில வீல் ஸ்பானரைக் குடுத்துட்டு டீ குடிக்கப் போறார். அண்ணன் ஒருத்தன் கையில வண்டியை விட்டுட்டுப் போயி நான் பாத்தது அதுதான் முத தடவை.

ஒரு உதவி வேணும். எங்க ஒரு டன் நிசானுக்கு பின்சக்கர பிரேக் டிரம் ஒண்ணு தேடறோம். இருக்கறதுல ஒண்ணுல முடி மாதிரி விரிசல், வெல்டு வச்சு ஓட்ட அண்ணன் சம்மதிக்கல. யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, நியாயமான விலை குடுத்து எடுத்துக்கறோம். போட்டோ அனுப்பும்போது உள்பக்கத்தையும் சேத்து எடுங்க. வெளிப்பக்கம் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா, கொஞ்சம் சுரண்டிட்டு எடுங்க.